கடைசிப் பத்துப் பக்கம்

வணக்கம் அம்மா,

எனக்கு 46 வயது. ராமநாதபுரத்தில் இருக்கிறேன். இருபது வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன், ஒரு தொகுப்பும் வந்திருக்கிறது. ஆனால் கடந்த பதினான்கு மாதமாக ஒரு கதைகூட எழுத முடியவில்லை.

எனக்குப் படிக்கும் பழக்கத்தைத் தொற்றவைத்தவர் என் தாய்மாமா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரிப்புக்கு டிரிப் நடுவில் ஸ்டாண்டில் உட்கார்ந்து துப்பறியும் நாவலாகப் படித்துத் தள்ளுவார். முடித்ததும் புத்தகம் என்னிடம் வரும். தருவதற்கு முன்னால் கடைசிப் பத்துப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரு ஊக்கைக் குத்திவிடுவார். "கொலைகாரன் யாருன்னு ஒரு தாள்ல எழுதிட்டு, அப்புறம் கழட்டு" என்பார். கதை கட்டுவதை நான் அந்த ஊக்கிடம்தான் கற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவரோடு கடற்கரை. கல்யாணத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. வாலிநோக்கம், மண்டபம், தேவிபட்டினம், தனுஷ்கோடி. எந்த ஸ்டாப்பில் இறங்கிப் பனங்காட்டுக்குள் நடந்தால் எத்தனை நிமிடத்தில் கடல் வரும் என்பது மாமாவுக்கு அத்துப்படி. அரியமான் பக்கம் மட்டும் போக மாட்டார், கூட்டம் ஆகாது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்க இறங்கும் பெண்களைப் பற்றி நான் எழுதிய கதைகள் எல்லாம் அந்த நடையில் கிடைத்தவை.

போன வருடம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் போன் செய்தார். "ரெண்டு நாளா நெஞ்செல்லாம் எரியுது ஆத்தா, தூக்கமே இல்ல" என்றார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "கேஸா இருக்கும் மாமா, ஓமத்தண்ணி குடிங்க" என்றேன். "சரி, ஞாயித்துக்கிழமை காரங்காடு போவோம், படகுல அலையாத்திக் காட்டுக்குள்ள சுத்திட்டு வரலாம்" என்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார். வயது 66. சர்க்கரை இருந்தது.

அதற்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை. வாரத்துக்கு நான்கு துப்பறியும் நாவல் படிக்கிறேன், ராத்திரி இரண்டு மணி வரைக்கும். அதிலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுகிறேன். யார் செய்தது என்று தெரியாமல் ஒரு பக்கம்கூட நகர முடியவில்லை. மாமா கடைசியாக ஊக்குக் குத்திக் கொடுத்த புத்தகம் பீரோவில் இருக்கிறது. அதைத் திறக்கவே இல்லை.

என் கணவர் நல்லவர். "எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப?" என்று கேட்கிறார். டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "ஏர்வாடிக்குப் போற அளவுக்கு ஆயிருச்சா" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். நான் அன்றைக்கு ஓமத்தண்ணி என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்தானே? எனக்கு மறுபடி எழுத வருமா?

பெயர் வேண்டாம் அம்மா.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். முதலில் அதைப் பற்றிப் பேசுவோம்.

துப்பறியும் கதையை எழுதுபவருக்கு முடிவு தெரியும். முடிவைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் முன்பக்கங்களில் தடயங்களைப் போடுகிறார். அதனால் அந்தக் கதையில் ஒருவர் இருமினால்கூட அதற்குக் காரணம் இருக்கும். நீங்கள் மாமாவின் கடைசி வாரத்தையும் அப்படித்தான் படிக்கிறீர்கள். வெள்ளிக்கிழமையைக் கையில் வைத்துக்கொண்டு புதன்கிழமையைப் புரட்டுகிறீர்கள். அப்படிப் பார்த்தால் நெஞ்செரிச்சல் தடயமாகத்தான் தெரியும், ஓமத்தண்ணி குற்றமாகத்தான் தெரியும்.

அந்தப் புதன்கிழமை மாமா இரண்டு விஷயம் சொன்னார். நெஞ்சு எரிகிறது, ஞாயிற்றுக்கிழமை படகில் போகலாம். நீங்கள் இரண்டையும் கேட்டீர்கள். படகுச் சவாரிக்குத் திட்டம் போடும் மனிதர் இரண்டு நாளில் போய்விடுவார் என்று அடுப்படியில் நிற்கும் யாருக்குத் தோன்றும்? மாமாவுக்கே அது தோன்றவில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பு, நாம் நினைக்கிற மாதிரியான நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். நெஞ்செரிச்சல், மூச்சு வாங்குதல், காரணமில்லாத வியர்வை, அசதி என்று வேறு ரூபத்தில் வரும். அப்படி வந்தால் உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு நாளை உதவும். அன்று அது உங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மாமா பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்தத் தெரியாமையைச் சுமப்பது ரொம்பக் கஷ்டம். 'தப்பு என்னுடையது' என்று முடிவு கட்டிவிட்டால், வலித்தாலும் ஒரு விடை கிடைத்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் நீங்கள் தேடுவது அந்த விடையைத்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் தனுஷ்கோடியில் நிறைய நடந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய ரயிலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், புயல் அலையில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த இடிந்த ஸ்டேஷன் முன்னால் நிற்கும்போது, 'அந்தப் புயலில் ஏன் ஏறினார்கள்' என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அவர்களுக்கு அது மழை பெய்யும் ஒரு ராத்திரி, அவ்வளவுதான். வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல உங்களுக்கு மனசு வராது. அந்த இரக்கத்தைத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடமும் காட்டுங்கள்.

இனி எழுத்து. 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், மனதை அழுத்தும் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய அன்றைக்கு அவர்கள் மனம் கனத்துப் போனது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. நீங்களும் அப்படி நான்கு நாள் எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் புதன்கிழமையை மட்டும் எழுத வேண்டும். சாயங்காலம் உங்களுக்கு என்ன தெரியுமோ அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. வெள்ளிக்கிழமை அந்தத் தாளுக்குள் வரக் கூடாது. மாவு எவ்வளவு இருந்தது, போன் எந்தக் கையில் இருந்தது, மாமா காரங்காடு என்று சொன்னபோது அவர் குரல் எப்படி இருந்தது. கதையாக்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். தாங்க முடியாமல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

எழுத்து திரும்ப வருமா என்று கேட்டீர்கள். நீங்கள் படிக்கிற வகைக் கதைகளின் ராணி அகதா கிறிஸ்டிக்கு 1926-இல் அம்மா இறந்தார். அதே வருடம் கணவரும் பிரிவதாகச் சொன்னார். டிசம்பரில் காணாமல் போய், 11 நாள் கழித்து ஒரு ஹோட்டலில் கண்டுபிடிக்கப்பட்டார். அதன் பிறகு சிரமப்பட்டு முடித்த நாவல் அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனாலும் முடித்தார். 1928-இல் தனியாக ரயில் ஏறி பாக்தாத் வரை போனார். அதற்கு அடுத்த ஐம்பது வருடத்துக்குப் பக்கமாக எழுதிக்கொண்டேதான் இருந்தார். உங்களுக்கும் முதலில் வருகிற கதை நன்றாக இல்லாமல் போகலாம். பரவாயில்லை, அதையும் எழுதி முடியுங்கள்.

பாக்தாத் வேண்டாம், அரியமான் போதும். மாமா கால் வைக்காத இடம் என்பதால்தான் சொல்கிறேன். தனுஷ்கோடிக்கோ காரங்காட்டுக்கோ இப்போது போனால் நடக்கிற ஒவ்வோர் அடியிலும் அவர் இருப்பார். அரியமானில் சவுக்கு நிழல் இருக்கிறது, கடலும் சாதுவான பெண்கடல். கூட்டமாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கணவரைக் கூட்டிப் போங்கள். அவர் "எத்தனை நாளைக்கு" என்று கேட்பதைக் கண்டிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் அவர், வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. காரங்காடு எங்கேயும் போய்விடாது.

டாக்டர் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். துக்கம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதைச் சிகிச்சை தேவைப்படும் ஒன்றாகவே உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏர்வாடி என்ற பேச்சு ஏன் சுடுகிறது என்று எனக்குப் புரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் மனநலம் என்றாலே அந்தச் சங்கிலி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்க்கரைக்குச் சீட்டு வாங்குவது போல மனநலப் பிரிவுக்கும் சீட்டு வாங்கலாம். முதலில் பேசிப் பார்க்கத் தோன்றினால் 14416. டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் காத்திருக்காமல் அந்த எண்ணை அழுத்துங்கள்.

நாவல் படிப்பதை விட வேண்டாம். பத்தரை மணிக்கு மூடிவிடுங்கள், அவ்வளவுதான். அடுத்த புத்தகத்தை வீட்டில் யாரிடமாவது கொடுத்துக் கடைசிப் பத்துப் பக்கத்துக்கு ஊக்குக் குத்தித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் கை பரபரக்கும்.

பீரோவில் இருக்கும் மாமாவின் புத்தகத்துக்கு அவசரம் இல்லை. உப்புக் காற்றில் ஊக்கு துருப்பிடித்துத் தாளில் கறை விடும், ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள். என்றைக்காவது படிக்கத் தோன்றினால் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். ஊக்குக்குப் பக்கத்தில் வந்ததும், கொலைகாரன் யார் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, அப்புறம் கழற்றுங்கள்.