இல்லினாய் மாநில வருமான வரி: பெருந்துறைத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

இல்லினாய் மாநிலத்துச் சிகாகோவில் ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், மத்திய அரசின் வரி போக மாநில அரசும் தனியே வருமான வரி பிடிக்கிறது, பற்றாக்குறையைச் சொல்லி அதை உயர்த்தியும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த வரி இல்லாத டெக்சாஸ் மாநில வேலைக்கே போய்விடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். விடுமுறையில் கவுந்தப்பாடிக்கு வந்திருக்கிறேன். தோட்டத்து வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதுகிறேன்.

நமக்கு இது புதிதாகத் தோன்றுவது இயல்பு. இந்திய அரசியலமைப்பின்படி விவசாய வருமானத்துக்கு மட்டுமே மாநிலங்கள் வருமான வரி விதிக்க முடியும். சம்பளக்காரர் உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரிகூட ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆகவே கஜானாவில் பணம் போதாதபோது தமிழக அரசு பத்திரப்பதிவிலும் மதுவிலும் பெட்ரோலிலும் தேடுமே ஒழிய, நம் சம்பளத்தில் நேராகக் கை வைக்க அதற்கு வழியில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு அந்த வழி இருக்கிறது.

நான் அங்கே போனபோது இல்லினாயில் வரி 3 சதவீதம். 2011 ஜனவரியில் அதை 5 சதவீதமாக்கினார்கள். மாதம் 5,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு ஏறக்குறைய நூறு டாலர் குறைந்தது. அந்த நூறு டாலரை அப்பாருவின் மருந்துச் செலவுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததால் கோபம் வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த உயர்வு அது, 2015இல் 3.75 சதவீதமாக இறங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த மகிழ்ச்சி தவறு என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் எனக்குக் காட்டின. அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர், மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அவரும் சட்டமன்றமும் ஒத்துப்போகாததால் 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை முழுமையான வரவுசெலவுத் திட்டம் இல்லாமலே மாநிலம் நடந்தது. வரி இறங்கியதே தவிர செலவு இறங்கவில்லை. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து, பில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லாமலே புரியும். மருத்துவமனைகளுக்கும் முதியோர் பராமரிப்பு நிறுவனங்களுக்கும் சேர வேண்டிய பணம் நின்றது. ஏழை மாணவர்களின் உதவித்தொகை தாமதமானது. சிகாகோ அரசுப் பல்கலைக்கழகம் 2016இல் நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியது. 2017 நடுவில் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறத்தாழ 1,500 கோடி டாலர். தாமதமான பில்களில் பலவற்றுக்குச் சட்டப்படி மாதம் ஒரு சதவீத வட்டி ஏறியது, அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி. அன்றைய வரியில் நான் மிச்சப்படுத்தியதாக நினைத்த பணம் இந்த வட்டியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2017 ஜூலையில் ஆளுநர் புரூஸ் ரானரின் மறுப்பைத் தாண்டிச் சட்டமன்றம் வரியை 4.95 சதவீதமாக்கியது. அதே ஆண்டில் 600 கோடி டாலருக்குக் குறைந்த வட்டியில் பத்திரம் விற்றுப் பாக்கியில் ஒரு பகுதியை அடைத்தார்கள். அந்த வரி உயர்வு சரியானது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு எல்லோருக்கும் ஒரே விகிதம்தான் என்று கட்டிப்போட்டிருப்பதால், முதியவர்களைக் குளிப்பாட்டிவிடும் உதவியாளரும் கோடீஸ்வரரும் ஒரே சதவீதம் கட்டுகிறார்கள். அதை மாற்றக் கேட்ட 2020 நவம்பர் வாக்கெடுப்பு தோற்றது எனக்கு இன்றும் வருத்தம். அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்குப் பல பத்தாண்டுகளாகப் போதிய பணம் ஒதுக்காமல் விட்ட பெருங்கடனும் அப்படியே நிற்கிறது. ஓய்வூதியத்தைக் குறைக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்துவிட்டது. எனவே வரி இனி உயராது என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் சம்பளத்தில், தனிநபர் விலக்கு போக, மாநில வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 4,300 டாலர் ஆகும். டெக்சாஸில் அது இல்லை. அங்கே சொத்து வரி அதிகம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இல்லினாயில் அது அதைவிடவும் அதிகம். ஆகவே கணக்கு டெக்சாஸ் பக்கம்தான். ஆனாலும் மாதம் 360 டாலர் வித்தியாசத்துக்காக, உங்கள் படிப்புக்கு ஏற்ற வேலையை விட்டுவிட வேண்டாம் என்பேன்.

சிகாகோவையே தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். வாடகை குறைவு என்று எல்லை தாண்டி இந்தியானாவில் குடியிருந்தாலும், சிகாகோவில் சம்பாதிக்கும் பணத்துக்கு இல்லினாய்க்கே முதலில் வரி கட்ட வேண்டும். விஸ்கான்சினில் குடியிருந்தால் அப்படியில்லை, இரு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. வேலையில் சேரும் நாளில் மத்திய அரசின் படிவத்தோடு மாநிலத்தின் படிவத்தையும் கேட்டு வாங்கி நிரப்புங்கள். முதல் சம்பளச் சீட்டில் மாநில வரிக்கு நேரே தொகை இல்லையென்றால் அன்றே விசாரியுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் 15க்குள் மொத்தமாகக் கட்ட நேரிடும்.