டார்ட்மண்டர் கோல்டுல என்ன ஸ்பெஷல்? கிளீவ்லேண்ட் பீரை ரசிச்சுக் குடிக்கிறது எப்படி

கேள்வி: கோயம்புத்தூர்ல இருந்து கிளீவ்லேண்டுக்கு வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆச்சுங்க. ஆபீஸ்ல எல்லாரும் கிரேட் லேக்ஸ் ப்ரூயிங் பீரை ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க. டார்ட்மண்டர் கோல்டு குடிச்சுப் பார்த்தேன், குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா ஸ்பெஷலாவும் ஒண்ணும் தெரியல. ஊர்ல ஸ்ட்ராங் பீர்தான் பழக்கம். இதுல எதைக் கவனிக்கணும், எந்த வரிசைல குடிக்கணும்?

பதில்: குறை சொல்ல ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க தம்பி, அதைப் பத்திதான் நான் முதல்ல பேசணும். பதினஞ்சு வருஷமா வீட்டுல பீர் காய்ச்சுற ஆள் நான், ஆனா ஒரு நல்ல லாகர் (குளிர்ல மெதுவா புளிக்க வைக்கிற பீர் வகை, உங்க டார்ட்மண்டரும் அதுதான்) மட்டும் இன்னும் எனக்கு வரிசையா ரெண்டு தடவை ஒரே மாதிரி வந்தது கிடையாது. வீட்டுல இட்லி மாவு எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை, ஆனா சித்திரைல ஒரு மாதிரி பொங்கும், மார்கழில கல்லு மாதிரி கிடக்கும். பீரும் அப்படித்தான், வருஷா வருஷம் பார்லி மாறும், கசப்பும் வாசனையும் குடுக்குற ஹாப்ஸ் பூ மாறும், ஈஸ்ட் உயிருள்ள பொருள், அதுக்கும் நல்ல நாள் கெட்ட நாள் உண்டு. அதையெல்லாம் சமாளிச்சு நீங்க அடுத்த வருஷம் வாங்குற பாட்டிலும் இந்த வருஷம் மாதிரியே இருக்கணும்னா அதுக்குப் பின்னாடி இருக்குற உழைப்பு சாதாரணம் இல்ல.

அதுலயும் லாகர்ல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. ஐபிஏ மாதிரி ஹாப்ஸ் அள்ளிப் போட்ட பீர்ல சின்னச் சின்னத் தப்பெல்லாம் அந்த வாசனைல அமுங்கிப் போயிடும். டார்ட்மண்டர் மாதிரி பீர்ல ஈஸ்ட் கொஞ்சம் அவசரப்பட்டாலும் வெண்ணெய் வாசனை வந்துரும், கொதிக்க வைக்கிறதுல சோம்பல் பட்டா வேகவச்ச மக்காச்சோள வாசனை வரும். பத்து டிகிரி பக்கம் மெதுவா புளிக்க வச்சு அப்புறம் வாரக் கணக்குல குளிர்ல போட்டு வைக்கணும், கொஞ்சம் சூட்டுல சீக்கிரம் புளிக்கிற ஏல் வகை பீர் மாதிரி சட்டுனு வேலை முடியாது.

இந்த ப்ரூவரி கதையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, குடிக்கும்போது உதவும். கிளீவ்லேண்ட்ல கடைசியா ஓடிட்டிருந்த பழைய ப்ரூவரி ஷ்மிட்ஸ், 1984-ல மூடிட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு, 1988-ல, பேட்ரிக் கான்வே, டேனியல் கான்வேன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஓஹையோ சிட்டி ஏரியால கிரேட் லேக்ஸை ஆரம்பிச்சாங்க, ஓஹையோ மாநிலத்துக்கே அதுதான் முதல் கிராஃப்ட் ப்ரூவரி, அதாவது சின்ன அளவுல காய்ச்சுற ப்ரூவரி. பீர் காய்ச்ச யாரைக் கூப்பிட்டாங்கன்னா, ஷ்மிட்ஸ்ல ப்ரூமாஸ்டரா இருந்த தெய்ன் ஜான்சனை. பெரிய ஃபேக்டரில டேங்க் டேங்கா ஒரே மாதிரி பீர் காய்ச்சுன கை அது. அந்த ஒழுங்கு முதல் நாள்ல இருந்தே இங்க வந்துருச்சுன்னு நான் நம்புறேன். டார்ட்மண்டருக்கு அப்போ ஹைஸ்மன்னு பேரு, தேசிய அளவுல தங்கப் பதக்கம் வாங்குன பிறகுதான் இப்போ இருக்குற பேரு வந்துச்சு.

சரி, எப்படிக் குடிக்கிறது? உங்க ஸ்ட்ராங் பீர் பழக்கத்துல ரெண்டு விஷயத்தை மட்டும் மாத்துங்க. ஒண்ணு, ஐஸ் மாதிரி சில்லுனு குடிக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிதான், ஆனா அவ்வளவு குளிர்ல நாக்கு மரத்துப் போயிடும், எந்த ருசியும் தெரியாது. டார்ட்மண்டரை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அஞ்சு நிமிஷம் வெளிய வையுங்க, ஆறேழு டிகிரி வந்தா போதும். ரெண்டாவது, பாட்டிலோட குடிக்காதீங்க, ருசில பாதி மூக்குலதான் இருக்கு. சோப்பு வாசனை இல்லாம நல்லா அலசுன கிளாஸ்ல ரெண்டு விரல் அளவு நுரை வர்ற மாதிரி ஊத்துங்க. முதல்ல வர்றது மால்ட், அதாவது முளைகட்டிக் காய வச்ச பார்லியோட வாசனை, இப்பதான் சுட்ட பிரெட்டோட ஓரம் மாதிரி, அப்புறம் லேசான இனிப்பு, முழுங்கும்போது ஒரு சின்ன கசப்பு வந்து அந்த இனிப்பைத் துடைச்சுட்டுப் போயிடும். அந்தத் துடைப்புதான் இந்த பீரோட உயிர், அதனாலதான் அடுத்த வாய்க்கு கை தானா போகும். ஜெர்மனில டார்ட்மண்ட் தொழிலாளிங்க ஊர், அங்க பிறந்த வகை இது, பில்ஸ்னர் அளவுக்கு கசப்பும் இல்ல, ம்யூனிக் பீர் அளவுக்கு இனிப்பும் இல்ல, நடுவுல நிக்கும். ஒரு வாரத்துல நாலு நாள், நாளுக்கு ஒண்ணுன்னு சாப்பாட்டோட குடிச்சுப் பாருங்க, மெதுவடை, மீன் வறுவல் மாதிரி எண்ணெய்ப் பலகாரத்துக்கு இதை விட நல்ல ஜோடி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடுத்து எலியட் நெஸ், அதுவும் லாகர்தான், கொஞ்சம் சிவப்பு, மால்ட் தூக்கலா இருக்கும். பேருக்குச் சொந்தக்காரர் இந்த ஊர்ல பாதுகாப்பு இயக்குநரா இருந்தவர், கான்வே சகோதரர்களோட அம்மா அவர்கிட்ட ஸ்டெனோவா வேலை பார்த்தவங்க. பர்னிங் ரிவர் பேல் ஏல் மூணாவது, 1969-ல இந்த ஊர் குயஹோகா ஆறு தீப்பிடிச்ச சம்பவத்தோட பேரு அது, நாரத்தை, பைன் மரம் மாதிரி ஹாப்ஸ் வாசனை வரும், அந்தக் கசப்புக்கு கொஞ்சம் டைம் குடுங்க.

நாலாவதா எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்ட்டர், போர்ட்டர்னா கருப்பான பீர் வகை. இதுக்காக ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கன்னு கேட்டுக்கறேன். 1975 நவம்பர் 10-ஆம் தேதி சுப்பீரியர் ஏரில புயல்ல மூழ்கின இரும்புத்தாதுக் கப்பலோட பேரு, 29 பேர் போயிட்டாங்க, ஒருத்தர்கூட திரும்பல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே குடிச்சா கருகல் மட்டும்தான் தெரியும். கிளாஸ்ல ஊத்தி கால் மணி நேரம் விட்டுடுங்க. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா கருப்புதான், ஆனா ஓரத்துல மாதுளைச் சிவப்பு தெரியும். சூடு ஏற ஏற வறுத்த பார்லி வாசனை விரியும், சிக்கரி கம்மியா போட்ட டிகாக்‌ஷன் இறங்கும்போது வருமே, கிட்டத்தட்ட அதேதான், பின்னாடியே சர்க்கரை போடாத சாக்லேட். நம்மாளுங்க முதல் தடவையே இந்த பீரைப் பிடிச்சுக்கறதைப் பல தடவை பார்த்திருக்கேன், காபில வளர்ந்த நாக்கு இல்லையா. மட்டன் சுக்கா இருந்தா கூட வச்சுக்கோங்க.

வாங்கும்போது பாட்டில்ல தேதி பாருங்க, ப்ரூவரி எவ்வளவு ஒழுங்கா காய்ச்சுனாலும் கடைல கெட்டுப்போனா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு தடவை ஒரு கடைல ஜன்னலோர ஷெல்ஃப்ல வெயில் படுற இடத்துல இருந்த பேக்கை எடுத்துட்டு வந்துட்டேன், திறந்தா ஸ்கங்க்னு ஒரு மிருகம் பீய்ச்சுற மாதிரி நாத்தம், வேற ப்ரூவரி பீர், பச்சை பாட்டில். வெளிச்சம் பட்டா ஹாப்ஸோட கசப்புப் பொருள் உடைஞ்சு அந்த நாத்தம் வரும், பிரவுன் பாட்டில் ஓரளவு தடுக்கும், முழுசா தடுக்காது. ரொம்ப நாளான பீர்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வரும். அதனால குளிர்ப்பெட்டில இருக்கறதை எடுங்க, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஒரு மாசத்துக்குள்ள முடிங்க.

அக்டோபர் கடைசில கிறிஸ்மஸ் ஏல் வரும், ஊரே வரிசைல நிக்கும். தேன், பட்டை, இஞ்சி போட்டது, நமக்கு ரொம்பப் பழகின வாசனை. ஆனா அது 7.5 சதவீதம், டார்ட்மண்டர் 5.8. இனிப்பா இறங்குறதால தெரியாது, 355 மில்லி பாட்டில் ஒண்ணே அமெரிக்கக் கணக்குல ஒன்றரை டிரிங்க் வரும், ரெண்டு பாட்டில்னா மூணு. ப்ரூவரிக்குப் போறப்போ கார் எடுக்காதீங்க தம்பி, ரெட் லைன் ட்ரெயின்ல வெஸ்ட் 25-வது ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம்தான். முதல்ல வெஸ்ட் சைடு மார்க்கெட்டை ஒரு சுத்து சுத்தி ஏதாவது சாப்பிட்டுட்டு அப்புறம் உள்ள போங்க.