பீஞ்சமந்தைப் பெண், ஒடுகத்தூர்ப் பையன்: கோயிலில் தாலி கட்டினால் போதுமா?

காதலிக்கும் இருவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் போதுமா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. பெண்ணுக்கு 19 வயது, மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடி (எஸ்.டி.). பையனுக்கு 22, வேறு சாதி. இருவருக்கும் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை.

கோயில் தாலியை மட்டும் நம்பாதீர்கள். இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு அறிவித்தால் ஒழிய, பழங்குடியினருக்குப் பொருந்தாது; அதன் 2(2) பிரிவைப் பாருங்கள். சுயமரியாதைக் கல்யாணத்துக்கான 7ஏ பிரிவும் அதே சட்டத்தில்தான் வருகிறது, அதனால் அதையும் நம்ப முடியாது. 'இன்றைக்கே பதிந்து தருகிறேன்' என்று சொல்லும் புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். நாளைக்கு வழக்கென்று வந்தால் அலையப்போவது அந்தப் பெண்தான்.

சிக்கலில்லாத வழி 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் பொறுத்து, மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நோட்டீஸை அவருடைய ஆபீசில் ஒட்டுவார்கள். ஆம்பூரில் கொடுத்தால் ஊருக்குத் தெரியாது என்று கணக்குப் போடாதீர்கள். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், பீஞ்சமந்தை வேலூர் மாவட்டம். நிரந்தர முகவரி வேறு மாவட்டமென்றால் அங்கேயும் நகல் போகும். பெற்றோர் ஆட்சேபிக்கலாம், ஆனால் 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது சட்டப்படி காரணமே இல்லை. வயது, ஏற்கெனவே உள்ள துணை, மனநிலை, நெருங்கிய உறவுமுறை, இவை மட்டுமே செல்லும்.

அதனால் பேப்பரை முதலில் சேருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ஆதார் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். எஸ்.டி. சான்றிதழ் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் வாங்குவது. அதற்கு அப்பாவின் சான்றைக் கேட்பார்கள், வீட்டை விட்டு வந்தபின் அது கைக்கு வராது.

'பெண்ணைக் காணோம்' என்று புகார் போனால் ஒளியாதீர்கள். எஸ்.பி. ஆபீசில் பெண்ணே மனு கொடுத்து, சுயவிருப்பம் என்று சொல்லட்டும். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டுமென்று 2018இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் 25,000 ரூபாயும், பெண் டிகிரியோ டிப்ளமோவோ படித்திருந்தால் 50,000 ரூபாயும், கூடவே எட்டு கிராம் தங்கக் காசும் உண்டு. கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாத வாடகைக்கு இந்தப் பணத்தை நம்பாதீர்கள், வரத் தாமதமாகும்.

கல்யாணமானதும் பி.எஃப். நாமினியை மாற்றுங்கள். குடும்பமில்லாதபோது போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும்.