வாசகர் கேள்வி – பதில்: கதையும் பக்கமும்

மல்லாவி வாசகர்: பழைய இதழ்க் கதைகள் ஆறுதலாகத் தொடங்கி நீண்டு போகின்றன. இப்போதையவை ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. வாசகருக்குப் பொறுமை போய்விட்டதா?

பொறுமையைக் குறை சொல்லுமுன் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் 1933இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய மணிக்கொடி, 1935இல் பி.எஸ். ராமையாவின் கையில் சிறுகதைக்கான இதழாகவே மாறியது. கதைக்கென்று இதழ் இருந்தால் எழுதுபவருக்கும் மூச்சு நீளும். இங்கே சுன்னாகத்தில் 1930இல் தொடங்கிய ஈழகேசரியும், 1946இல் வந்த மறுமலர்ச்சியும் அந்த இடத்தைக் கொடுத்தன. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் அந்தக் காலத்து முன்னோடிகள். நாளிதழ்களின் வாரமலரில் கதை விளம்பரத்தோடு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். விளம்பரம் கூடினால் வெட்டு விழுவது கதைக்குத்தான், பெரும்பாலும் நடுப்பகுதியில். அதனால் பலர் நடுப்பகுதியே இல்லாமல் எழுதப் பழகிவிட்டார்கள். திடீர் முடிவுக் கதைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம்.

வன்னிக்குத் தனிக் கணக்கு உண்டு. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் தாளே தட்டுப்பாடு. வெளியூர் இதழ் கைக்கு வருவதே அபூர்வம். இங்கிருந்து வெளிவந்த வெளிச்சம் போன்ற இதழ்களில் இடப்பெயர்வும் சாவும் கதைக்குள் நேரே வந்தன. பதுங்குகுழி எப்படி இருக்கும் என்று வாசகருக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை. அதனால் வருணனை சுருங்கியது. அதே கதையை இன்று பதினைந்து வயதுப் பிள்ளை படித்தால் பாதி விளங்காது.

ஒட்டுசுட்டான் மாணவி: மூன்று தலைமுறைக் கதைகளை ஒப்பிட்டுப் பாடசாலைச் செயற்றிட்டம் செய்யவேண்டும். வீட்டிலிருந்த பழைய இதழ்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. எப்படித் தொடங்குவது?

‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து இதழ்கள் ஏராளம் வருடி வைக்கப்பட்டுள்ளன. ஈழகேசரி, மல்லிகை (1966இல் டொமினிக் ஜீவா தொடங்கியது), ஞானம் மூன்றையும் இதழ் பெயரால் தேடுங்கள். பல பிரதிகள் படங்களாகவே இருப்பதால் கதையின் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படாது. உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

தலைமுறைக்கு நான்கு கதை, மொத்தம் 12 போதும். ஒரே பொருளில் எடுங்கள், கமம் என்றால் எல்லாம் கமம். ஒவ்வொன்றிலும் மொத்தச் சொற்கள், முதல் பந்தியில் என்ன இருக்கிறது, யார் சொல்கிறார், உரையாடல் எத்தனை வரி என்று குறித்துவையுங்கள். சொற்களை ஒவ்வொன்றாக எண்ணவேண்டாம். பத்து வரியிலுள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்து, மொத்த வரிகளால் பெருக்கினால் சரி.

பலர் சறுக்குவது ஆண்டில். தொகுப்பு நூலின் ஆண்டைக் கதை எழுதிய ஆண்டாகப் போட்டுவிடுவார்கள். இடையில் இருபது வருடமும் இருக்கலாம். நூலில் சேர்க்கும்போது எழுத்தாளர் திருத்தியும் இருப்பார். இதழ்ப் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். பேர்பெற்ற கதைகளை மட்டும் பொறுக்கினால் அந்தக் காலம் தெரியாது, பிற்காலத்தவரின் தெரிவுதான் தெரியும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: உரையாடலைப் பேச்சுவழக்கில் எழுதினால் மரியாதைக் குறைவா?

இந்தச் சண்டை 1960களின் தொடக்கத்திலேயே நடந்தது. பண்டிதர் சிலர் பேச்சுத்தமிழை ‘இழிசனர் வழக்கு’, அதாவது தாழ்ந்தோர் பேச்சு என்றார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் விடவில்லை. மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயர். வென்றது யாரென்று இன்றைய எந்த இதழைத் திறந்தாலும் தெரியும்.

இப்போதுள்ள பிழை வேறு. வன்னிக் கதையில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், 1977இற்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர், பரம்பரையாகக் குளத்தடியில் இருப்பவர் மூவருக்கும் பேச்சு வேறு. சூடடிப்புக் களத்தில் மூவரையும் நிறுத்திவிட்டு ஒரே குரலைக் கொடுக்காதீர்கள். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். பெயரை மறைத்தாலும் பேசுவது யாரென்று தெரிய வேண்டும்.

கிளிநொச்சி வாசகர்: அனுப்பிய கதை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறதாம். ஏன்?

பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அது ஆங்கில விசைகளின்மேல் தமிழ் உருவத்தை ஏற்றியது. எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலம்தான் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி அனுப்புங்கள். மாற்றியபின் கட்டாயம் ஒருமுறை வாசிக்கவும். காற்புள்ளி இருந்த இடமெல்லாம் ‘இ’ நிற்கும், மேற்கோள்குறி குழம்பியிருக்கும், இடையில் வந்த ஆங்கிலச் சொல் அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும். ஆசிரியர் திருத்துவார் என்று விட்டால் அந்த ‘இ’ அப்படியே அச்சேறும்.

மாங்குளம் வாசகர்: கையால் எழுதி அனுப்பலாமா?

தாராளமாக. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், இடப்பக்கம் ஓரம் விட்டு, பக்க எண் போட்டு. பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.