இருக்கும் 600 பேருக்கு எழுதுங்கள்

கேள்வி: நானும் என் தங்கையும் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களும் டைரிகளும் செய்து இணையத்தில் விற்கிறோம். இதுவரை 600 வாடிக்கையாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் என்று நான்கிலும் தினமும் பதிவு போடுகிறோம். லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. சென்ற மாதம் புது டைரிக்கான போஸ்டரை ஜிமெயிலிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினோம். பாதியில் நின்றுவிட்டது, போனவையும் ஸ்பேமில் விழுந்ததாகப் பலர் சொன்னார்கள். ஒருவர் 20,000 மின்னஞ்சல் முகவரிகளை விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? இதற்கிடையில், காப்புரிமை மீறலுக்காக எங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் நீக்கப்படும் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்தச் செய்தியில் இருக்கும் லிங்கைத் தொடாதீர்கள். கணக்கு பற்றிய எச்சரிக்கையை இன்ஸ்டாகிராம் நிறுவனம் டிஎம்மில், அதாவது தனிச்செய்தியில், அனுப்புவதில்லை. 24 மணி நேரக் கெடு, காப்புரிமை, நீக்கம் என்று பயமுறுத்தி உங்கள் பாஸ்வேர்டை வாங்குவதுதான் அந்தச் செய்தியின் வேலை. மின்னஞ்சலிலும் இதே மாதிரி வரலாம். அப்போது ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்ட், பாதுகாப்பு தொடர்பான அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் சமீபத்தில் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் அங்கே இருக்கும். அதில் இல்லாத கடிதம் போலி.

லிங்கை ஏற்கெனவே அழுத்தி விவரம் கொடுத்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். தெரியாத கருவிகள் எதிலாவது கணக்கு திறந்திருந்தால் அவற்றிலிருந்து வெளியேற்றுங்கள். அப்புறம், பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். எஸ்எம்எஸ்ஸைவிட அதற்கென்றே இருக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் பாதுகாப்பானது. அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் உங்கள் தங்கைக்கும் முழு நிர்வாக உரிமை கொடுங்கள். ஒருவருடைய போன் தொலைந்ததால் தொழிலே பூட்டிக்கிடக்கும் நிலை வரக் கூடாது.

சரி, பட்டியலுக்கு வருவோம். வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த 20,000 பேரில் ஒருவர்கூட உங்களிடமிருந்து கடிதம் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதையேதான் அவர்களும் செய்வார்கள்: 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார்கள். ஜிமெயில் இதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்பது கூகுள் சொல்லும் அளவு. அதாவது ஆயிரம் கடிதத்துக்கு மூன்று புகார் வந்தாலே ஆபத்து. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் உங்களை விரும்பி வாங்கியவர்களுக்கு எழுதும் கடிதமும் ஸ்பேமில் விழத் தொடங்கும். இப்படி விற்கப்படும் பட்டியல்களில் யாரும் பயன்படுத்தாத பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அவற்றுக்கு எழுதுபவர்களை ஸ்பேம் அனுப்புபவர்கள் என்று பதிந்துவைப்பதற்காகவே அவை இருக்கின்றன. பலருக்கு ஒரே கடிதத்தை அனுப்பித்தரும் மெயில்சிம்ப் போன்ற செய்திமடல் சேவைகளின் விதிகளும் விலைக்கு வாங்கிய பட்டியலை அனுமதிப்பதில்லை. அனுப்பினால் கணக்கையே முடக்கிவிடலாம். சட்டமும் உண்டு: உங்கள் வாடிக்கையாளர்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள் இருந்தால், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் தொடும். ஒருவருடைய முகவரியை எந்த அடிப்படையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

சென்ற மாதம் நீங்கள் அனுப்பியது ஏன் பாதியில் நின்றது? இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்குமேல் அனுப்ப முடியாது. மீறினால் 24 மணி நேரம்வரை அனுப்பும் வசதி நிறுத்தப்படும். நீங்கள் 600 பேருக்கு அனுப்ப முயன்றிருக்கிறீர்கள். 'டு' அல்லது 'சிசி' கட்டத்தில் எல்லா முகவரிகளையும் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்களை நம்பி முகவரி கொடுத்தவர்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். அப்படி நடந்திருந்தால் ஒரு வரி மன்னிப்பு எழுதிவிடுங்கள். 'பிசிசி' அதை மறைக்கும் என்றாலும் தொடர்ந்து எழுத அது சரியான வழி அல்ல. அதில் விலகும் வசதி கிடையாது. போதும் என்று நினைப்பவருக்கு ஸ்பேம் பொத்தானைத் தவிர வேறு வழியே இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது: தொழிலின் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்குங்கள், அந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் வையுங்கள், கடிதங்களைச் செய்திமடல் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். சிறிய பட்டியல்களுக்கு இலவசமாகவே இருக்கும் சேவைகளும் உண்டு. பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். சேவையில் சேர்ந்த பிறகும் அனுப்புநர் இடத்தில் பழைய ஜிமெயில் முகவரியையே போடுகிறார்கள். வேறொரு சேவையகத்திலிருந்து கிளம்பும் கடிதம் ஜிமெயில் முகவரியைத் தாங்கி வந்தால், கூகுளின் கண்ணுக்கு அது ஆள்மாறாட்டம். ஸ்பேமுக்குப் போய்விடக் கூடும்.

டொமைன் வாங்கியதும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை அதன் டிஎன்எஸ் என்ற பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள். உங்கள் பெயரில் எந்தச் சேவையகங்கள் கடிதம் அனுப்பலாம் என்று முதலாவது சொல்கிறது. கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான கையொப்பம் இரண்டாவது. இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு மூன்றாவது. சேர்க்க வேண்டிய வரிகளைச் செய்திமடல் சேவையே தரும். நகலெடுத்து ஒட்டினால் போதும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு எழுதும் எல்லோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். நாளுக்கு 5,000 கடிதம் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். நீங்கள் அந்த அளவுக்கு அனுப்பப்போவதில்லை என்றாலும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். பிறகு உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் ஜிமெயிலைத் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருந்தால் சரியாக அமைந்துவிட்டது.

இனி கடிதத்தில் என்ன எழுதுவது? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். போஸ்டர் அனுப்பாதீர்கள். பலருடைய மின்னஞ்சலில் படங்கள் தானாகத் திறப்பதில்லை. அவர்களுக்கு நீங்கள் அனுப்பியது ஒரு வெற்றுக் கட்டம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் படிப்பதில்லை. நீங்கள் தெரிந்தவருக்கு எழுதுவதைப் போல எழுதுங்கள். 80 ஜிஎஸ்எம் (காகிதத்தின் எடையளவு) காகிதத்திலிருந்து 100 ஜிஎஸ்எம்முக்கு ஏன் மாறினீர்கள்? மை ஊற்றும் பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறுகிறதா? விரித்து வைத்தால் நோட்டு தட்டையாகக் கிடக்கிறதா, மூடிக்கொள்கிறதா? எந்தத் தையல் அதற்குக் காரணம்? உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு நேர்மையான பதில், ஒரு படம், வாங்க ஒரு லிங்க். இதற்குமேல் எதுவும் வேண்டாம்.

தலைப்பு வரியில் விஷயம் இருக்கட்டும். 'மாபெரும் அறிவிப்பு' என்று எழுதுவதைவிட 'மை ஊறாத காகிதத்தில் புது டைரி' என்று எழுதுவது எவ்வளவோ மேல். போன் திரையில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும். மாதம் ஒரு கடிதம் போதும், ஆனால் மாதம் தவறக் கூடாது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கைப் பெரிதாக நம்ப வேண்டாம். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிப்பவர் திறப்பதற்கு முன்பே படங்களை இறக்கிக்கொள்கிறது. அதனால் திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை ஆர்டர் வந்தது என்று பாருங்கள்.

சமூக ஊடகத்துக்கு வருகிறேன். நான்கு இடத்தில் தினமும் பதிவு என்பது இரண்டு பேர் செய்யக்கூடிய வேலை அல்ல. நோட்டு தைக்க வேண்டிய நேரத்தை அது தின்கிறது. அடுத்த ஒரு மாதம் ஆர்டர் தரும் ஒவ்வொருவரிடமும் 'எங்களை எங்கே பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றில் முகவரியும் தொடர்பு விவரமும் மட்டும் விட்டுவையுங்கள். கணக்குகளை அழிக்க வேண்டாம். உங்கள் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளக் கூடும்.

வைத்துக்கொண்ட இடத்தில் வாரம் இரண்டு பதிவு போதும். விலையை வெளிப்படையாகப் போடுங்கள். 'விலைக்கு டிஎம் செய்யவும்' என்பதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுபவர்கள் நிறைய. வீடியோவில் பேசுவதை எழுத்தாகவும் போடுங்கள், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள். பொதுவில் ஒருவர் குறை சொன்னால் அழிக்காதீர்கள். அங்கேயே ஒருமுறை பணிவாகப் பதில் சொல்லி, மீதியைத் தனிச்செய்தியில் பேசுங்கள். மற்றவர்கள் உங்கள் பதிலைத்தான் கவனிப்பார்கள்.

ஆனாலும் அந்த இடம் உங்களுடையது அல்ல. நிறுவனப் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. பல பக்கங்களின் பதிவுகள் சென்றடையும் தூரம் சுருங்கியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. கூகுள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டபோது அங்கே சேர்த்த ஃபாலோயர்களை வேறெங்கும் கொண்டுபோக வழியில்லை. மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், சேவையை மாற்றினாலும் அது கூடவே வரும். அதனால் பதிவுகளின் முதல் வேலை, விருப்பமுள்ளவர்களை உங்கள் கடிதத்துக்கு அழைத்து வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 600 பேருக்கு முதல் கடிதம் எப்படி இருக்கலாம் என்று எழுதித் தருகிறேன்:

'வணக்கம். எங்களிடம் நோட்டுப் புத்தகம் வாங்கியவர் என்பதால் இதை எழுதுகிறோம். இனி மாதம் ஒருமுறை, என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்று ஒரு சிறு கடிதம் அனுப்ப இருக்கிறோம். உங்களுக்கும் வேண்டுமென்றால் இதற்குச் 'சரி' என்று பதில் போடுங்கள். வேண்டாமென்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. மறுபடி எழுத மாட்டோம். நோட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் மகிழ்வோம்.'

இதை ஒரே நாளில் அனுப்பாதீர்கள். புது டொமைனிலிருந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் கடிதம் கிளம்பினால் ஸ்பேம் வடிகட்டிகள் சந்தேகப்படும். நாளுக்கு ஐம்பது பேராக, அண்மையில் வாங்கியவர்களிலிருந்து தொடங்குங்கள். கடிதம் சேராமல் திரும்பி வரும் முகவரிகளை அன்றே நீக்குங்கள். பதில் எழுதும் ஒவ்வொருவருக்கும் நீங்களோ தங்கையோ இரண்டு வரி எழுதிவிடுங்கள். பதில் வராதவர்களுக்கு இன்னொரு முறை நினைவூட்டலாமா என்று மனம் அடித்துக்கொள்ளும். வேண்டாம், மறுபடி எழுத மாட்டோம் என்று அந்தக் கடிதத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.