செல்லுக்கு வேலை கொடுத்தால் போதுமா? வாசகர் கேள்விகள்

கே: வயது 52. செல்களைப் புதுப்பிக்கும் என்று சொல்லி என் மகன் என்.எம்.என். கேப்ஸ்யூல் வாங்கி வந்திருக்கிறான். சாப்பிடலாமா?

உணவிலிருந்து சக்தி எடுக்கவும், பழுதான டி.என்.ஏ.வைச் சரிசெய்யவும் நம் செல்களுக்கு என்.ஏ.டி. என்ற மூலக்கூறு தேவை. வயதாக ஆகப் பல திசுக்களில் இது குறைகிறது. என்.எம்.என். அதற்கு மூலப்பொருள். கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் என்.ஏ.டி. அளவு ஏறுவது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் ஏறினால் ஆயுளும் கூடும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை. நான் எழுதிக்கொடுப்பதில்லை. மகனின் அக்கறையைத் தட்டாதீர்கள். தினமும் அரைமணி நேரம் உங்களோடு நடக்க வரச் சொல்லுங்கள்.

கே: வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பல வருடமாகப் போடுகிறேன். ஃப்ரீ ராடிக்கல்களை ஒழித்தால் முதுமை தள்ளிப்போகும்தானே?

ஃப்ரீ ராடிக்கல்கள் என்பவை செல்லுக்குள் உண்டாகி அதன் பாகங்களைத் தாக்கக்கூடிய மூலக்கூறுகள். அவற்றை ஒழித்தால் போதும் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உங்கள் வைட்டமின்களைப் போலவே ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது.

2009-இல் ஜெர்மனியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு சிறியது, ஆனால் எனக்கு மிகவும் முக்கியமானது. இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரையும் போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள்தான் செல்லுக்கு 'உன்னைப் பலப்படுத்திக்கொள்' என்று சொல்லும் சேதி. அதை மாத்திரை அழித்துவிடுகிறது. குறைபாடு இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரிந்து மருத்துவர் எழுதித் தந்திருந்தால் தொடருங்கள். இல்லையென்றால், பழத்திலும் காய்கறியிலும் இருப்பது போதும்.

கே: டெலோமியர் அளந்து 'உண்மையான வயது' சொல்கிறார்களாம். அந்தப் பரிசோதனையை எடுக்கலாமா?

வேண்டாம். குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர், செல் பிரியும்போதெல்லாம் தேய்வது உண்மை. அது குறித்த ஆராய்ச்சிக்கு 2009-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரே வயதுள்ளவர்களிடையே அதன் நீளம் மிகவும் வேறுபடும். எண் எதுவாக வந்தாலும் உங்களுக்கு நான் சொல்லப்போகும் யோசனை மாறாது.

கே: எனக்கு 68 வயது. முட்டி வலி. இனிமேல் உடற்பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?

அம்மா, இந்த முறை வந்ததில் நான் அதிகம் யோசித்தது உங்கள் கடிதத்தைப் பற்றித்தான். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆனவர்களை எட்டு வாரம் கால் தசைக்கான எடைப்பயிற்சி செய்ய வைத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதுத் தசைக்கும் அது முடிகிறது.

தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின் அளவு நிலையானதல்ல. வேலை கூடினால் செல் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் குறைத்துவிடும். அந்தக் கணக்கு எந்த வயதிலும் நிற்பதில்லை.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணி மெல்ல இறங்குங்கள். தொடையின் முன்பக்கம் சூடேறும். தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். முதலில் ஐந்து முறை. வாரத்தில் மூன்று நாள். எழ முடியாவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், கையும் ஊன்றலாம். முட்டி வீங்கினாலோ, மார்பு அடைத்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கே: விரதம் இருந்தால் செல் தன்னைத்தானே சுத்தம் செய்யுமாமே? சர்க்கரை நோயாளி நான். எத்தனை மணி நேரம் இருக்கலாம்?

பழுதான பாகங்களைச் செல் உடைத்து மறுபடி பயன்படுத்துவதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். அது எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட் செல்களில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. பட்டினி அதைத் தூண்டும், உடற்பயிற்சியும் தூண்டும். மனிதருக்கு இத்தனை மணி நேரம் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நீங்கள் இன்சுலினோ, கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் என்றால், சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தளவை மருத்துவரிடம் பேசி மாற்றாமல் ஒரு வேளைகூடத் தவிர்க்காதீர்கள். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, பிறகு நொறுக்குத்தீனி எதுவும் இல்லாமல் காலைவரை இருக்கலாமா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.