கேம் பாட்டு ஓடவில்லையா? கன்வெர்ட்டர் வாங்கும் முன்…

கேள்வி: சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடிய கேசட் கேம்களின் இசை என்றால் எனக்கு உயிர். ஆன்லைனில் ஒருவரிடம் 350 ரூபாய்க்கு பென் டிரைவ் வாங்கினேன். ‘எந்த கம்ப்யூட்டரிலும் பாடும்’ என்று விளம்பரம். உள்ளே எஸ்பிசி, என்எஸ்எஃப், விஜிஇசட், மினிபிஎஸ்எஃப் என்று முடியும் ஃபைல்கள். ஒன்றுகூடத் திறக்கவில்லை. விற்றவரோ 1,200 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஃபைல்கள் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. அவற்றை வாசிக்கத் தெரிந்த பிளேயர்தான் உங்களிடம் இல்லை. அது இலவசமாகவே கிடைக்கிறது.

எம்பி3 என்பது கச்சேரியின் ஒலிப்பதிவு. உங்களிடம் இருப்பது ஸ்வரம் எழுதிய நோட்டு. அதைப் பார்த்து வாசிக்க அதற்கான வாத்தியம் வேண்டும். அந்த வாத்தியம், பழைய கேம் பெட்டிக்குள் இருந்த ஒலிச் சிப். 1990-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்ற கேம் பெட்டியின் ஒலிப் பகுதியை வடிவமைத்தது சோனி. பாட்டு ஓடும்போது அதன் 64 கேபி நினைவகத்தில் இருந்ததை அப்படியே படியெடுத்து வைத்ததுதான் எஸ்பிசி ஃபைல். மெட்டு, தாளம், கருவிகளின் ஓசை எல்லாம் அந்த 64 கேபிக்குள் அடங்கியிருக்கின்றன. அன்றைய இசையமைப்பாளர்களின் கைத்திறனை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

விண்டோஸ் என்றால் ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரைப் போடுங்கள். அதில் கேம் எமு பிளேயர் என்ற துணை நிரலைச் சேர்த்தால் எஸ்பிசி, என்எஸ்எஃப், விஜிஇசட் மூன்றும் பாடும். விஜிஇசட் என்பது விஜிஎம் என்ற கேம் இசை ஃபைலைச் சுருக்கி வைத்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை. கார் ஸ்டீரியோவில் கேட்க ஆசையா? ஃபூபாரே வேவ் ஃபைலாக மாற்றித் தரும். அந்த 1,200 ரூபாய் வேலை இவ்வளவுதான்.

மினிபிஎஸ்எஃப் மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். இது பிளேஸ்டேஷன் இசை; ஃபூபாரில் இதற்குத் தனித் துணை நிரல் வேண்டும். ஒவ்வொரு மினிபிஎஸ்எஃப் ஃபைலிலும் அந்தப் பாட்டுக்கு உரிய சிறு குறிப்பு மட்டுமே இருக்கும். பொதுவான ஒலிகள் பிஎஸ்எஃப்லிப் என்று முடியும் இன்னொரு ஃபைலில் இருக்கும். இரண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். அளவு பெரிதாக இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் காப்பி செய்தால் ஒன்றும் பாடாது.

350 ரூபாயை விட்டுவிட வேண்டாம். ‘எந்த கம்ப்யூட்டரிலும் பாடும்’ என்பது பொய்யான விவரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தவறான விளம்பரம் என்றே கொள்ளும். விளம்பரத்தையும் பணம் கட்டியதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இன்னொன்று, இந்த இசையின் உரிமை கேம் நிறுவனங்களுடையது; இப்படித் தொகுத்து விற்பவரிடம் அது பெரும்பாலும் இருக்காது. காசு கொடுத்து வாங்குவதென்றால் நிறுவனமே வெளியிட்ட ஆல்பத்தை வாங்குங்கள்.

கேள்வி: என்எஸ்எஃப் ஃபைலைத் திறந்தால் ஒரே பாட்டுதான் வருகிறது. அதுவும் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: ஒரு என்எஸ்எஃப் ஃபைலுக்குள் ஒரு கேமின் எல்லாப் பாட்டும் இருக்கலாம். உங்கள் பிளேயரில் அடுத்த டிராக் பட்டனை அழுத்திப் பாருங்கள். பாட்டு எவ்வளவு நேரம் என்ற குறிப்பு அந்த ஃபைலில் கிடையாது. அமைப்புகளில் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோனாமி நிறுவனத்தின் ‘அகுமாஜோ டென்செட்சு’ கேமின் இசையை இரண்டு பிளேயரில் கேட்டேன். ஒன்றில் பாதி வாத்தியம் காணோம். ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, பிளேயரை மாற்றுங்கள். இந்த கேம் ஓடிய நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்குச் சொந்த ஒலித்தடங்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள், 5. 1989-இல் வந்த இந்த கேமின் கேசட்டுக்குள்ளேயே கோனாமி விஆர்சி6 என்ற சிப்பை வைத்து மேலும் 3 தடங்களைச் சேர்த்தது. அந்தச் சிப்பை அறியாத பிளேயரில் அந்த 3 தடங்களும் ஊமையாகிவிடும். ஆனால் உங்களிடம் இருப்பது அமெரிக்கப் பதிப்பின் ஃபைல் என்றால் எந்தப் பிளேயரிலும் 5 தடங்கள்தான் வரும். அங்கே விற்ற பெட்டியில் கேசட்டின் ஒலியைச் சேர்க்கும் இணைப்பு இல்லாததால், இசையையே 5 தடத்துக்குச் சுருக்கி எழுதினார்கள்.